ஆசிரியர்களுக்கென்று ஆறு இடங்கள்: தமிழ்நாட்டு மேலவை பற்றிய ஒரு குறிப்பும் என் மறுப்பும்



சிம்பாங் அம்பாட்டில் சனிக்கிழமை காலையில் ஆறாம் படிவ மாணவர்கள் ஐந்தாறு பேருக்குக் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி கைப்பேசியை நீட்டினாள். வாட்சாப் குழுவில் யாரோ அனுப்பிய குறிப்பு. எழுதியவர் பெயர் இல்லை. 'தமிழ்நாட்டுச் சட்ட மேலவை' என்று தலைப்பு, அதன் கீழே அரைப் பக்கம். சாரம் மூன்றே வரிதான்: மேலவை என்பது அறிஞர்கள் அமரும் அவை, சட்டமன்றம் அவசரப்பட்டு இயற்றும் சட்டங்களை அது தடுத்து நிறுத்தும், 1986இல் ஒரு நடிகையை நியமிக்கப்போய் வந்த சிக்கலால் எம்.ஜி.ஆர். அதைக் கலைத்துவிட்டார்.

"டீச்சர், இதை அப்படியே கட்டுரையில போட்டுக்கலாமா?"

போடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். அந்த நேரத்தில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன். இப்போது எழுதுவது அந்தப் பதில்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலேசியாவில் 'மேலவை' என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் டேவான் நெகாரா. மாநிலங்களுக்கு மேலவை கிடையாது. நம் பினாங்குக்கு லெபோ லைட்டில் இருப்பது ஒரே அவை, 40 இடம். ஆனால் இந்தியாவில் சில மாநிலங்களுக்கே இரண்டு அவைகள் உண்டு. இப்போது உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஆறு. தமிழ்நாட்டுக்கும் 1986 வரை இருந்தது. ஆகவே 'மேலவை' என்று வெறுமனே எழுதினால் திருத்துபவர் எந்த அவை என்று யோசிப்பார். 'தமிழ்நாட்டுச் சட்ட மேலவை' என்று முழுமையாக எழுதுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் இருந்தது ஒரே அவை. அதன் ஆங்கிலப் பெயரும் பின்னாளில் மேலவைக்கு இருந்த பெயரும் ஒன்றே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களில் உறுப்பினராகித் துணைத்தலைவரும் ஆனது அந்த ஒற்றை அவையில். அவர் 'மேலவை'யில் இருந்தார் என்று எழுதுவது பிழை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1937இல்தான் சென்னைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அவைகள் உண்டாயின. ஒரே பெயர் இரண்டு காலத்தில் இரண்டு பொருள் தரும் இந்த மாதிரி இடங்களில்தான் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சரி, குறிப்பின் முதல் வரிக்கு வருவோம். அறிஞர்கள் அமரும் அவை.

இந்திய அரசமைப்பின் பிரிவு 171ஐப் பாருங்கள். மேலவையின் மொத்த இடம் சட்டமன்றத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 40க்குக் குறையவும் கூடாது. உறுப்பினர்கள் ஐந்து வழியில் வருவார்கள். மூன்றில் ஒரு பங்கை நகராட்சி முதலான உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. மிச்சம் ஆளுநர் நியமனம்: இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகப்பணி இவற்றில் தேர்ந்தவர்கள். தமிழ்நாட்டு மேலவைக்குக் கடைசியில் இருந்தவை 63 இடங்கள். கணக்குப் போட்டால் 21, 21, 6, 6, 9.

அந்த இரண்டாவது ஆறில் என் கண் நின்றுவிட்டது. ஆசிரியர்களுக்கென்று ஆறு இடங்கள்! சட்டம் இயற்றும் அவையில், நாம் செய்யும் தொழிலின் பெயரால் தொகுதி. டாக்டருக்கு இல்லை, வழக்கறிஞருக்கு இல்லை, வணிகருக்கு இல்லை. ஆசிரியருக்கு மட்டும் உண்டு. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். உடனே தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 3க்குப் பாடம் எடுக்கும் என் தோழிக்கு அனுப்பினேன். அவள் என்னைவிடக் கவனமாகப் படிப்பவள். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது: "ஏய், நல்லாப் பாரு. இதுல எனக்கு ஓட்டு இல்லடி."

உண்மைதான். விதி என்ன சொல்கிறது? இடைநிலைப்பள்ளித் தரத்துக்குக் குறையாத கல்வி நிலையத்தில் குறைந்தது மூன்று ஆண்டு கற்பித்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குத்தான் ஆசிரியர் தொகுதியில் வாக்கு. தொடக்கப்பள்ளி ஆசிரியர் இந்தக் கணக்கில் ஆசிரியரே இல்லை. இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். பினாங்கில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் 28. எல்லாமே தொடக்கப்பள்ளிகள். அந்த விதி இங்கே இருந்தால், பினாங்கு முழுவதும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக்கூட வாக்கு இருக்காது. இடைநிலைப்பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளை தமிழ் எடுக்கும் எனக்கு உண்டு. அ, ஆ சொல்லிக் கொடுத்து, நான் எடுக்கும் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிவைக்கும் அவளுக்கு இல்லை.

இது சின்ன விஷயமா? 1953ஐ நினைத்துப் பாருங்கள். இந்தக் கதையைக் கட்டுரையில் பயன்படுத்தும் மாணவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் மேலவையைப் பற்றி எழுத இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜியை முதல்வராக்க விரும்பினார்கள். அவரோ தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவை உறுப்பினராக நியமித்தார். அந்த வழியாக அவர் முதல்வரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இதை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு, 1953இல், அந்த அரசு தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. ஆசிரியர் ஒரே நாளில் இரண்டு முறைப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். 'குலக்கல்வித் திட்டம்' என்று தமிழ்நாடே கொதித்தது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போனது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல்வர் மேலவையின் நியமன உறுப்பினர். அவருடைய அரசு கைவைத்தது தொடக்கப்பள்ளியில். அதே மேலவையில் ஆசிரியர்களுக்கென்று இடங்கள் இருந்தன. ஆனால் அந்தத் திட்டத்தால் வேலை இரண்டு மடங்கான தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அந்த இடங்களைத் தேர்ந்தெடுக்க வாக்கு இல்லை. மேலவை எப்படி இயங்கியது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கதவு இருந்தது, யாருக்குத் திறக்கும் என்பது வேறு இடத்தில் முடிவாகியிருந்தது.

இன்னொன்று. ஆசிரியர் தொகுதியில் வாக்களிப்பவர் ஆசிரியராக இருக்க வேண்டுமே தவிர, நிற்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று பிரிவு 171 சொல்லவில்லை. பட்டதாரி தொகுதிக்கும் அப்படியே. சென்னைப் பட்டதாரி தொகுதியில் பட்டம் பெறாத ஒருவர் வென்று, அது வழக்காகி, உயர்நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 1972இல் அதை மாற்றி, வேட்பாளருக்குப் பட்டம் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தில் இல்லாத தகுதியை நீதிமன்றம் சேர்க்க முடியாது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் 'அறிஞர்கள் அமரும் அவை' என்ற வரியை எழுதுபவர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக அங்கே அறிஞர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அந்தக் குறிப்பு எழுதியவரைப் போலவே அவசரக்காரி ஆகிவிடுவேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியார் அந்த அவையில் இருந்தார். அண்ணா 1967இல் முதல்வரானபோது நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டு மேலவைக்குத்தான் வந்தார். மேலவையின் கடைசித் தலைவர் யார் தெரியுமா? ம.பொ.சி. 'சிலம்புச் செல்வர்' என்று நாம் வகுப்பில் சொல்கிறோமே, அவரேதான். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதி வைத்திருந்த அவை, கடைசியில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு தமிழறிஞர் தலைமையில் கூடியது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த அவையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். இலக்கிய மாணவர்கள் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரி: அவசரச் சட்டங்களைத் தடுத்து நிறுத்தும். இங்கே 'தடுத்து நிறுத்தும்' என்பதை அடித்துவிட்டுத் 'தாமதப்படுத்தும்' என்று எழுதுங்கள். பிரிவு 197இன்படி, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா மேலவைக்குப் போகும். மேலவை அதை நிராகரிக்கலாம், ஏற்க முடியாத திருத்தம் போடலாம், அல்லது மூன்று மாதம் வைத்திருக்கலாம். பிறகு சட்டமன்றம் அதே மசோதாவை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால், இந்தத் தடவை மேலவைக்கு ஒரு மாதம்தான். அதற்கு மேல் மேலவை வேண்டாம் என்றாலும், திருத்தம் கேட்டாலும், சும்மா இருந்தாலும் மசோதா இரு அவையிலும் நிறைவேறியதாகக் கருதப்படும். பண மசோதா என்றால் இன்னும் மோசம்: பிரிவு 198இன்படி 14 நாள், அவ்வளவுதான். டில்லி நாடாளுமன்றத்தில் இரு அவையும் முரண்பட்டால் கூட்டுக்கூட்டம் நடத்த வழி இருக்கிறது. மாநிலத்தில் அதுவும் இல்லை. தலைகீழாகப் பார்த்தால்தான் பலவீனம் முழுதாகத் தெரியும். மேலவையில் தொடங்கிய மசோதாவைச் சட்டமன்றம் வேண்டாம் என்றால் அது அங்கேயே முடிந்தது. மேலவைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

தாமதத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. 2020 தொடக்கத்தில் ஆந்திர அரசு மூன்று தலைநகர் மசோதாவைக் கொண்டுவந்தபோது மேலவை அதை உடனே விடவில்லை. பலன்? அதே மாதம் ஆந்திரச் சட்டமன்றம் மேலவையையே ஒழிக்கத் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு அந்தத் தீர்மானத்தை அவர்களே திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு கதை. வேலை செய்யாத மேலவையை வீண் செலவு என்பார்கள். வேலை செய்தாலோ இடையூறு என்பார்கள். ஒழிக்கும் அதிகாரம் மட்டும் எப்போதும் கீழவையின் கையில்.

இது நம்மை மூன்றாவது வரிக்குக் கொண்டுவருகிறது. உண்மையில் எனக்குக் கோபம் வந்தது இந்த வரியில்தான்.

நடந்தது இது. 1986இல் நடிகை 'வெண்ணிற ஆடை' நிர்மலாவின் பெயர் மேலவை நியமனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கடன் தொடர்பில் நீதிமன்றம் அவரை நொடித்தவராக ஏற்கெனவே அறிவித்திருந்தது. அப்படிப்பட்டவர் உறுப்பினராக முடியாது என்பது பிரிவு 191. நம் நாட்டு அரசமைப்பிலும் இதே தடை உண்டு. ஒரு வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். அவருடைய பெயர் விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசுக்கு அது பெரிய தலைகுனிவு. மே 14 அன்று சட்டமன்றத்தில் மேலவையை ஒழிக்கும் தீர்மானம் நிறைவேறியது. நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. நவம்பர் 1 அன்று மேலவை இல்லாமல் போனது.

நாள்வரிசைப்படி ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தது உண்மை. ஆனால் ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று சொல்ல, இடையில் இருந்த மற்றவற்றை மறைக்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில், பல ஆண்டுகள் நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் தமிழ்நாட்டில் நடந்தது. தி.மு.க. பெரிய வெற்றி பெற்றது. மேலே போட்ட கணக்குக்குத் திரும்பிப் போங்கள்: மேலவையின் 63 இடங்களில் 21 உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவை. அந்த 21க்குத் தேர்தல் வந்தால் யார் பக்கம் போயிருக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. அப்போது கருணாநிதி எங்கே இருந்தார்? ஈழப் பிரச்சினையை முன்னிட்டு 1983இல் சட்டமன்றப் பதவியை விட்டவர், 1984 முதல் மேலவை உறுப்பினர். அதனால்தான் அந்த ஆண்டு இறுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. மேலவை போனால் எதிர்க்கட்சித் தலைவருக்கு அவை இல்லை.

எம்.ஜி.ஆர். மனத்தில் எது முதலில் இருந்தது என்று நான் அடித்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடிகை கதையை மட்டும் சொல்பவர் வரலாறு சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்தப் பெண் செய்தது என்ன? அவர் பெயரைப் பரிந்துரைத்தது அரசு. தகுதியைச் சரிபார்க்க வேண்டியதும் அரசு. தீர்மானம் போட்டது சட்டமன்றம். சட்டம் இயற்றியது நாடாளுமன்றம். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்காராத ஒருவர் தலையில் முழுப் பழியையும் கட்டுகிறோம். கோவலன் கதையில் 'பொற்கொல்லன் சொன்னான்' என்பதோடு நிறுத்திவிட்டால் பாண்டியன் எங்கே போனான் என்று வகுப்பில் கேட்போம் அல்லவா? அதே கேள்விதான்.

சரி, ஒரு அவையை இவ்வளவு சுலபமாக எப்படி ஒழிக்க முடிந்தது? பிரிவு 169. சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் இருந்தால் தீர்மானம் போடலாம். அதன்பேரில் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டமாகவே இதைச் செய்யலாம். அரசமைப்புத் திருத்தமாக அது கருதப்படாது. மேலவையின் ஒப்புதல் எந்தக் கட்டத்திலும் தேவையில்லை. 1984 தேர்தலுக்குப் பின் ஆளும் கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே பலம் இருந்தது. கையெழுத்துப் போடும் நேரந்தான் வேலை. மேற்கு வங்கம் 1969இலும், பஞ்சாப் 1970இலும், ஆந்திரம் 1985இலும் இதே வழியில் ஒழித்தன. ஆந்திரம் மட்டும் 2007இல் திரும்பக் கொண்டுவந்தது. 

தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு நடந்தது ஒரு ஊஞ்சல் ஆட்டம். 1989இல் தி.மு.க. ஆட்சி மேலவை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1991இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி அதை ரத்து செய்தது. 1996இல் மறுபடியும் வேண்டும், 2001இல் மறுபடியும் வேண்டாம். 2010இல் ஒரு படி மேலே போய் நாடாளுமன்றச் சட்டமே வந்தது: 78 இடங்கள், அதாவது சட்டமன்றத்தின் 234இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அவை கூடுவதற்குள் 2011இல் ஆட்சி மாறியது, தீர்மானமும் மாறியது. 2021 தேர்தல் அறிக்கையிலும் தி.மு.க. இதைச் சொன்னது. இத்தனை முறையும் விவாதம் வேண்டுமா வேண்டாமா என்பதைச் சுற்றித்தான். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு வாக்கு உண்டா என்ற கேள்வி எந்தத் தீர்மானத்தின் மையமாகவும் இல்லை. இருந்திருந்தாலும் அது மாநிலத்தின் கையில் இல்லை. பிரிவு 171ஐ நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். என் கருத்தைக் கேட்டால், அதை மாற்றாமல் மேலவையைத் திரும்பக் கொண்டுவருவது பழைய பூட்டோடு பழைய கதவை மாட்டுவதுதான். வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. யாருக்கு என்று முதலில் சொல்லட்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டு மாணவர்கள் ஒப்பிட்டு எழுதினால் கட்டுரை எடுபடும். பெங்காஜியான் அம் பாடத்துக்கும் உதவும். டேவான் நெகாராவில் 70 இடங்கள். 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா இருவரைத் தேர்ந்தெடுக்கும், அது 26. மீதி 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுபவர்கள். சாதாரண மசோதாவை ஓர் ஆண்டு வரை, பண மசோதாவை ஒரு மாதம் வரை தாமதப்படுத்தலாம். தமிழ்நாட்டு மேலவையைவிட இது நீண்ட கயிறு. அதைவிட முக்கியமானது: நம் அரசமைப்பைத் திருத்தும் மசோதாவுக்குப் பெரும்பாலும் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அங்கே இந்தத் தாமதக் கணக்குச் செல்லாது. ஆகவே டேவான் நெகாராவை அதன் சம்மதம் இல்லாமல் ஒழிக்க முடியாது. சென்னை மேலவைக்கு இல்லாத கவசம் அது.

ஆனால் அதைப் பார்த்து நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 1957இல் டேவான் நெகாராவில் 38 இடங்கள். அதில் 22 மாநிலங்கள் தேர்ந்தெடுத்தவை, 16 நியமனம். மாநிலங்களின் குரலாகத்தான் அது தொடங்கியது. இன்று 70இல் 26. எண்ணிக்கையைக் கவிழ்த்துவிட்டோம். பிரிவு 45இன்படி நாடாளுமன்றம் விரும்பினால் மாநிலத்துக்கு மூவர் என்று உயர்த்தலாம், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்யலாம், நியமனத்தைக் குறைக்கலாம், ஏன், நீக்கவும் செய்யலாம். மாணவர்களே, இந்த ஒரு செய்தியைக் கட்டுரையில் சேர்த்தால் மற்றவர்களின் கட்டுரையிலிருந்து உங்களுடையது தனியாகத் தெரியும். நியமனத்துக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் சிறுபான்மை இனத்தைப் பிரதிநிதிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வரி நம்மையும் பற்றியது.

இவ்வளவு எழுதியபின் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். பினாங்குச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்து அனுப்பிய இரண்டு செனட்டர்கள் யார்? தெரியவில்லை. தேடித்தான் பார்த்தேன். ஆசிரியர் அறையில் கேட்டேன், அங்கும் அதே நிலைதான். ஒரு சார் சிரித்துக்கொண்டே, "நம்மள யாரு கேட்டா, ஓட்டுப் போட்டோமா என்ன?" என்றார். அதுதான் விஷயமே. நாம் தேர்ந்தெடுத்த 40 பேர் நம் சார்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு கை தள்ளிப் போனதும் பெயர்கூட நமக்கு எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் மேலவை போனபோது ஏன் தெருவில் பெரிய எதிர்ப்பு எழவில்லை என்று வியந்துகொண்டிருந்தேன். பதில் என் ஆசிரியர் அறையிலேயே கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவியிடம் மூன்று வரியையும் மாற்றி எழுதச் சொன்னேன். அவள் எழுதி வந்ததைச் சுருக்கித் தருகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும். தமிழ்நாட்டுச் சட்ட மேலவை 1937இல் தொடங்கி 1986 நவம்பர் 1 வரை இருந்தது. அதன் 63 உறுப்பினர்கள் ஐந்து வழிகளில் வந்தனர். ஆசிரியர் தொகுதி இருந்தும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு வாக்கு இல்லை. மசோதாவை நான்கு மாத அளவுக்குத் தாமதப்படுத்த முடிந்ததே அன்றித் தடுக்க முடியவில்லை. சட்டமன்றத் தீர்மானத்தின்பேரில் நாடாளுமன்றச் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. நியமனச் சர்ச்சை, உள்ளாட்சித் தேர்தல் முடிவு இரண்டும் அந்த ஆண்டின் பின்னணி.

நன்றாகவே இருந்தது. 'ஒழிக்கப்பட்டது' என்ற இடத்தில் பிரிவு எண்ணை விட்டிருந்தாள், சிவப்பில் 169 என்று எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"டீச்சர், அந்தத் தொகுதி இங்க இருந்தா நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

"என் தோழிக்கு" என்றேன். "அவளுக்குத்தான் ஓட்டு இல்லைன்னீங்க?"

"ஓட்டுதான் இல்ல. நிக்கறதுக்கு ஆசிரியரா இருக்கணும்னே இல்லையே. நீதான் 1972 தீர்ப்பைப் படிச்சியே."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு தாளின் ஓரத்தில் அதையும் குறித்துக்கொண்டாள்.